கூலிக்காரனுக்கு விழுந்த கும்பிடு

யுக் சாங்பே, பியோ கிதோக்குக்கு அறுபது யுவான் கடன்பட்டிருந்தான். அப்பனின் சவப்பெட்டிக்கு அறுத்த பலகைக்கும், அறுத்த கைக்குமான கடன் அது. அறுபது யுவான் என்றால் இன்றைக்குச் சிரிப்பீர்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறில் சிரித்திருக்க மாட்டீர்கள். எங்கள் உற்பத்திக் குழுவில் ஒரு முழு ஆண்பிள்ளை வருஷம் பூராவும் நெல்வயல் சேற்றில் நின்றாலும், தானியத்துக்கும் விறகுக்கும் பிடித்தது போக அறுபது யுவான் கையில் மிஞ்சாது. மிஞ்சியது என்று எவனாவது சொன்னால் அவன் குழுவின் கணக்கப்பிள்ளையாக இருந்திருப்பான்.

சாங்பேயின் அப்பன் பான்சோக், ஆற்றுக்கு அந்தக் கரையில், கொரியாவின் பியோங்கானில் பிறந்தவர். ஜப்பான்காரன் நிலத்தைப் பிடுங்கிக்கொண்ட வருஷம், முதுகில் மரச்சட்டமும் அதில் ஒரு பானையும் ஒரு கோழியுமாக, உறைந்து கிடந்த அம்னோக் ஆற்றின் மேல் நடந்து சீனாவின் இந்தக் கரைக்கு வந்தார். நெல் நடத் தெரியும் என்பதுதான் அவருக்கிருந்த ஒரே தகுதி. இந்தச் சீமைக்கு நெல்லைக் கொண்டுவந்ததே எங்கள் ஆட்கள்தான், அதை எவனும் மறுக்க முடியாது. ஆனால் நெல்லைக் கொண்டுவந்தவன் எல்லாம் பண்ணையாராகிவிடவில்லை. பான்சோக் கடைசி வரை கூலிக்காரர். கதிரடிக்கும் பொறி ஒரு கண்ணை வாங்கிக்கொண்டது, எருதின் குளம்பு ஒரு காலை வாங்கிக்கொண்டது. நெஞ்சில் சளி கட்டிப் படுத்த படுக்கையானபோது மகனைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

“சாங்பே, என்னைச் சுட்டுராதடா. புகையாப் போனா ஆத்தைத் தாண்ட முடியாது, காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அங்க போயிருவேன். ஆறு தெரியிற இடமாப் பாத்துப் போட்டுடு. அது போதும்.”

“சரிப்பா.”

“சரின்னு சொன்னா போதாது. சுடமாட்டேன்னு சொல்லு.”

“சுடமாட்டேன்ப்பா.”

அவர் செத்தது ஜனவரியில். எங்கள் ஊர் ஜனவரியில் கடப்பாரையை ஓங்கி இறக்கினால் தரையில் பொறி பறக்கும், பள்ளம் விழாது. போதாததற்குக் குழுவின் கட்டளை: வயலில் புதைக்காதே, மலையில் புதைக்காதே, பிணம் என்றால் எரி.

மலைச்சரிவு பூராவும் கோகுரியோக் காலத்துக் கல்லறைகள். ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முந்தி எங்கள் ஊர்தான் அந்த ராஜ்யத்துக்குத் தலைநகரம். ராஜாக்களின் பெரிய கல்லறைகளுக்கு அரசாங்கம் அப்போதே எண் போட்டிருந்தது. சின்னதுகளை யாரும் சீந்தவில்லை. அவற்றின் கல்லைப் பெயர்த்துத்தான் நாங்கள் பன்றிப்பட்டிக்குச் சுவர் எழுப்பினோம், கிம்ச்சி ஊறுகாய் ஜாடிக்குப் பாரம் வைத்தோம், அடுப்புப்புகை ஓடும் வீட்டுத்தரைக்குக் கல் பாவினோம். கூரை சரிந்து வாய் பிளந்து கிடந்தவற்றில் குளிர்காலத்துக்கு உருளைக்கிழங்கு கொட்டி வைத்தோம். வெளியே உலகமே விறைத்துக் கிடந்தாலும் அந்தக் கல்லறைகளுக்குள் கிழங்கு உறையாது.

கிதோக் குழுவின் தச்சன், சாங்பேயைவிட மூத்தவன். இருவருமாகப் பெட்டியைச் சறுக்குப் பலகையில் ஏற்றி, பனிப்புயல் அடித்த ஒரு மத்தியானம், நாய்கூட வெளியே தலைநீட்டாத நேரத்தில், சரிவுக்கு இழுத்துப் போனார்கள். சாங்பே தன் வீட்டுக் கிழங்கு கிடந்த கல்லறையில், கிழங்கை ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டு அப்பனை உள்ளே வைத்தான். ரப்பர் செருப்பு, பித்தளைக் கரண்டி, நாற்று நடவில் முதலாவதாக வந்ததற்குக் குழு கொடுத்த எனாமல் குவளை. ‘மக்களுக்குத் தொண்டு செய்’ என்ற கட்சி வாசகம் சிவப்பு எழுத்தில் போட்டது. அவர் வாழ்நாளில் வாங்கிய ஒரே பரிசு. கல்லறையின் வாயைக் கல்லால் அடைத்தார்கள். வசந்தத்தில் சாங்பே அதன்மேல் மண் கொட்டிப் புல் பாவினான். கிழங்குக் குழியாகக் கிடந்தது உருண்டு திரண்ட மேடாக எழுந்து நின்றது. உச்சியில் நின்றால் ஆறும், அதற்கப்பால் பியோங்கான் மலைகளும் தெரிந்தன.

மூன்று வருஷம் கழித்து, ஒரு பன்றியை விற்று அறுபதைச் சேர்த்து, அறுவடைத் திருநாளுக்கு முதல் நாள் கிதோக்கின் முற்றத்தில் போய் நின்றான்.

“அண்ணே, பெட்டிக் காசு.”

கிதோக் இழைப்புளியைக் கீழே வைக்கவில்லை. “இருக்கட்டும்டா. வச்சுக்க.”

“இல்லண்ணே. அப்பா பெட்டிக் கடனோட படுத்திருக்கக் கூடாது.”

“அவர் சும்மாதான் படுத்திருக்கார், உனக்குத்தான் தூக்கம் வரல. வேணும்கிறப்ப நானே கேக்குறேன், போ.”

மறு வருஷமும் போனான். அதற்கடுத்த வருஷமும் போனான். கிதோக் கையை நீட்டவே இல்லை. நீட்டாத கைக்குத்தான் விலை அதிகம் என்று சாங்பேக்குப் புரிய நாளானது. நடவுக் காலத்தில் “தம்பி, எருதை அனுப்பு” என்பான். கூரை மாற்ற வேண்டும் என்றால் “தம்பி, ரெண்டு நாள் வந்துட்டுப் போ” என்பான். முகம் சுளித்தால் சரிவைப் பார்த்துச் சிரிப்பான். பழஞ்சின்னத்தைக் கெடுத்தால் சிறை என்று சட்டம் வந்த பிறகு அந்தச் சிரிப்பு இன்னும் அகலமானது.

அதற்காகச் சாங்பே முடங்கிப் போனான் என்று நினைக்க வேண்டாம். நாலாம் வகுப்பைத் தாண்டாதவன்தான். ஆனால் படித்தவன் பத்து வருஷம் யோசிப்பதைப் படிக்காதவன் பத்து நிமிஷத்தில் செய்துவிடுவான். தொண்ணூற்றிரண்டில் தென்கொரியாவுக்கும் சீனாவுக்கும் உறவு வந்து, சியோலிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்கியபோது, ஊரே வாயைப் பிளந்து நின்றது. சாங்பே மட்டும் மாட்டை விற்றான். எங்கள் ஊரில் முதல் வேன் வாங்கியவன் அவன். இரண்டாவது வேன் வாங்கியவனும் அவனே. மனைவி கும்சில் குளிர்ந்த நூடுல்ஸ் கடை போட்டாள். கல்வெட்டுத் தூண், ராஜா கல்லறை, மலைக்கோட்டை, மத்தியானம் கும்சில் கடை, சாயங்காலம் ஆற்றங்கரை. அவன் வகுத்த வழியில்தான் இன்றைக்கும் எல்லா வண்டியும் ஓடுகிறது.

சியோல்காரர்களை எங்கே அழவைக்க வேண்டும் என்பது அவனுக்கு அத்துப்படி. தூணுக்கு முன்னால் நிறுத்தி, காவலாளி அந்தப் பக்கம் திரும்பியதும் தாழ்ந்த குரலில், “இது நம்ம மண்ணுங்க. இங்கேர்ந்து வடக்கே குதிரை போன தூரம் அத்தனையும் நம்மது” என்பான். பாங்கு மேனேஜர்கள் கைக்குட்டை எடுப்பார்கள். காவலாளி திரும்பியதும் உரத்த குரலில், “முப்பத்தேழு டன் எடை, படம் எடுக்கக் கூடாது” என்பான். கோகுரியோ யாருக்குச் சொந்தம் என்று இரண்டு நாட்டுப் பேராசிரியர்களும் அடித்துக்கொள்ளத் தொடங்கிய காலம் அது. சீனாவில் வாழ்ந்த ஒரு குட்டி ராஜ்யம் என்றது ஒரு கட்சி, கொரியர்களின் பாட்டன் வீடு என்றது மறு கட்சி. கும்சில் கடையில் ஒரு லாரி டிரைவர் சொன்னதுதான் சரி: “அந்த ராசா மட்டும் எந்திரிச்சு வந்தா ரெண்டு பயலுவகிட்டயும் வரி வாங்கிட்டுத்தான் பேசவே விடுவான்.”

இரண்டாயிரத்து இரண்டு செப்டம்பரில் நாம்குங் வந்தார். சியோலில் பாங்கு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், ‘பழம்பூமி மீட்புச் சங்கம்’ என்று ஒன்றுக்குத் தலைவர். கோட்டும் கழுத்துப்பட்டையுமாக சாங்பேயின் இரண்டு வேனும் நிறைய ஆட்கள். பெரிய ராஜா கல்லறை முன்னால் விழுந்து கும்பிட்டு மது ஊற்றப் போனபோது காவலாளி ஓடிவந்து புட்டியைப் பிடுங்கிக் கவிழ்த்துவிட்டான். புதுச் சட்டம், இங்கே சடங்கு கூடாது.

நாம்குங் வேனில் ஏறிக் கதவை அறைந்தார். “பாட்டனைக் கும்பிட முடியாத பயணத்துக்குக் காசா? ஒரு காசு குடுக்க மாட்டேன். நீங்க எல்லாம் கொரியன்னு சொல்லிக்கிறதே வெக்கக்கேடு. சீனாக்காரன் சோத்தைத் தின்னு தின்னு முதுகெலும்பே கரைஞ்சு போச்சு உங்களுக்கு.”

“தலைவரே, கோவிச்சுக்காதீங்க. வேற இடம் இருக்கு, காவல் இல்லாத இடம்” என்றான் சாங்பே.

அவன் நினைத்தது வேறொரு சின்னக் கல்லறையை. வழியில் அப்பனின் மேடு வந்தது. திருநாளுக்காக முதல் நாள்தான் புல் அறுத்திருந்தான். மழித்த தலைபோல மேடு வழுவழுவென்று இருந்தது. எதிரே தட்டைக்கல்லில் ஓர் ஆப்பிள், ஒரு கிண்ணம் சாராயம். சீனர்கள் கல்லறைப் புல்லை இப்படி மழிக்க மாட்டார்கள். சியோல்காரர்களுக்குப் பார்த்தவுடன் தெரிந்தது, இங்கே யாரோ வணங்கப்படுகிறார்கள்.

“யாருது இது?” என்றார் நாம்குங்.

‘எங்கப்பாங்க’ என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. கழுத்துப்பட்டை கட்டிய இத்தனை பேரும் ஒரு கூலிக்காரன் மேட்டுக்கு முன்னால் செருப்பைக் கழற்றிக்கொண்டு நிற்பதைப் பார்த்தபோது, அவனுக்குள் என்னவோ நிமிர்ந்தது.

“ஒரு தளபதிங்க” என்றான். “சண்டையில ஒரு கண்ணு போச்சு. ஒரு காலும் நொண்டி. ஆனாலும் ஆத்தைத் தாண்டி வந்து நின்னாரு பாருங்க, யாராலயும் அசைக்க முடியல.”

மொத்தக் கூட்டமும் புல்லில் மண்டியிட்டது. நெற்றி தரையில் பட இரண்டு முறை விழுந்து எழுந்தார்கள். நாம்குங் விசும்பி விசும்பி அழுதார். எந்தப் பயலுடைய அப்பனுக்கு எங்கள் ஊரில் இப்படி ஒரு கும்பிடு விழுந்தது? எவனுக்கும் இல்லை. அன்றைக்குக் கிடைத்த இனாம் காசைவிட அந்தக் கும்பிடுதான் சாங்பேக்குத் தலைக்கேறியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வண்டியும் அங்கே நின்றது. தளபதி மாதத்துக்கு மாதம் இன்னும் பெரிய வீரரானார்.

கிதோக் மேட்டின் மறுபக்கம் விறகு பொறுக்குவதுபோல் வந்து நின்று ஒரு நாள் முழுக்கக் கேட்டான். வண்டி போனதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“டேய், உங்கப்பன் தளபதியாடா? குழு பன்னிக்கு வச்ச தவிட்டைத் திருடித் தின்னுட்டு உதை வாங்கின மனுசன்டா அது! கண்ணு சண்டையிலயா போச்சு? சாமி, எனக்கு மூச்சு முட்டுது.”

“மெதுவாப் பேசுண்ணே.”

“பேசறேன், மெதுவாவே பேசறேன். வண்டிக்கு வண்டி விழுற இனாம்ல பாதி எனக்கு. தளபதிக்குப் பெட்டி செஞ்சவன்டா நான்.”

“அப்ப அந்த அறுபதையும் கழிச்சுக்க.”

“அது வேற, இது வேற” என்றான் கிதோக். “அது இருக்கட்டும்.”

கும்சிலுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. “மாமாவை வித்துத் தின்றீங்க” என்றாள். “ஒருநாள் இல்ல, சீசன் பூரா.” சாங்பே அவளை அதட்டினான். அவளுக்கு என்ன தெரியும், அவள் மாமனார் கும்பிடு வாங்குகிறார்.

வந்த வினை நாம்குங் வழியாக வந்தது. சங்கத்தின் இணையப் பக்கத்தில் மேட்டின் படத்தைப் போட்டு, ‘சீனா மறைத்து வைத்திருக்கும் கோகுரியோத் தளபதி’ என்று எழுதிவிட்டார். தத்தம் பக்கத்து ராஜா கல்லறைகளை உலகச் சின்னங்களாக அறிவிக்கக் கோரிச் சீனாவும் வடகொரியாவும் மனுப் போட்டிருந்த வருஷம். நெருப்பில் எண்ணெய் விழுந்தது. சாங்பேயைத் தொல்பொருள் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி ஜியாங் இளம் வயதுக்காரர், நகத்தை வெட்டிக்கொண்டே பேசினார்.

“யுக், அந்த மேட்டுல தளபதி இருக்கார்னு யார் சொன்னது?”

“ஊர்ல ஒரு பேச்சுங்க. வயசானவங்க சொல்றது.”

“சரி. இருந்தா அவர் யாரோட தளபதி?”

சாங்பே மேசையில் சிதறிய நகத்துண்டுகளைப் பார்த்தான்.

“யாரோட தளபதின்னு கேட்டேன்.”

“சீனாவோட தளபதிங்க.”

“சத்தமா.”

“சீனாவோட தளபதிங்க!”

“வேன்லயும் இதே சத்தத்துல சொல்லு” என்றார் ஜியாங். “வேலி போடப் போறோம். வசந்தத்துல தோண்டுவோம். தளபதி இருந்தா நம்ம பலகை வைப்போம், இல்லைன்னா புரளி கிளப்பினது யாருன்னு பாப்போம்.”

சாங்பே வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தான். என்ன செய்தாலும் வழி இல்லை. ‘அது எங்கப்பன்’ என்றால், கோகுரியோக் கல்லறைக்குள் பிணம் வைத்த குற்றம், அயல்நாட்டாரை ஏய்த்த குற்றம். உரிமம், வேன், கடை எல்லாம் போகும், உள்ளேயும் தள்ளுவார்கள். எலும்பை எரித்தும் விடுவார்கள், சட்டம் மாறவில்லை. பேசாமல் இருந்தால் மண்வெட்டி அப்பனைக் கண்டுபிடிக்கும். மிச்சம் இருந்தது ஒன்றுதான்: வசந்தத்துக்கு முன்னால் எலும்பை எடுத்துவிடுவது.

வேலி வந்தது, பூட்டு வந்தது, காவலாளியும் வந்தான். சாவிக்கொத்தை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு நின்றவன் கிதோக்.

“நீயாண்ணே!”

“மாசச் சம்பளம்டா. கோட்டு வேற குடுத்திருக்காங்க பாரு.” பித்தளைப் பொத்தானைத் தடவிக் காட்டினான்.

“ஒரே ஒரு மணி நேரம் திறந்து விடு. பெட்டியை எடுத்துக்கிட்டுப் போயிடறேன். உன் காலைப் பிடிச்சுக்கறேன்.”

“காலை எதுக்குப் பிடிக்கிற? எனக்கு என்ன, வேனா இருக்கு? நடந்தே தேயிற கால்.”

சாங்பேக்குப் புரிந்தது. புது வேனின் பத்திரத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். கிதோக் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“மண்ணு இளகட்டும். கல் பனியில ஒட்டியிருக்கு, இப்ப நெம்பினா சத்தம் கேக்கும். ஏப்ரல்ல தோண்ட வர்றாங்க. மார்ச் கடைசி ஞாயித்துக்கிழமை வா, சாவியை வச்சுட்டுத் தண்ணி குடிக்கப் போயிடறேன்.”

மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது. தென்கொரியாவிலிருந்து சங்கத்துக்காரர்கள் காமிராவோடு வந்து கூச்சல் போடுகிறார்கள், மொழிபெயர்க்க ஆள் வேண்டும், யுக் உடனே சரிவுக்கு வர வேண்டும். தோண்டுகிறவர்களுக்குச் சாப்பாடும் அவன் கடையிலிருந்தே வர வேண்டும்.

அவன் போய்ச் சேர்ந்தபோது மேட்டின் பாதி இல்லை. அவன் பாவிய புல்லைச் சுருட்டிச் சுருட்டி ஓரமாக அடுக்கியிருந்தார்கள். வேலிக்கு வெளியே நாம்குங்கும் அவர் ஆட்களும் துணிப்பதாகை பிடித்து நின்றார்கள். உள்ளே வாசலில் கிதோக் நின்றான். சாங்பே அவனைப் பார்த்தான்.

“தேதியை மாத்திட்டாங்கடா.”

“எப்ப தெரியும் உனக்கு?”

“போன மாசமே” என்றான் கிதோக், வெட்கமே இல்லாமல். “வேனைத் திருப்பிக் கேப்பியேன்னு சொல்லல.”

கல் அகன்றது. ஒரு மாணவன் விளக்கோடு உள்ளே குனிந்தான். முதலில் பலகைத் துண்டுகள் வந்தன. பிறகு ரப்பர் செருப்பு. பிறகு பித்தளைக் கரண்டி. மாணவன் கடைசியாகக் கையை நீட்டி எனாமல் குவளையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து மண்ணைத் துடைத்தான். சிவப்பு எழுத்து அப்படியே இருந்தது.

ஜியாங் அதை வாங்கி வாசித்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், தோளெல்லாம் குலுங்கிற்று.

“மக்களுக்குத் தொண்டு செய்! ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முன்னாடியே கோகுரியோத் தளபதி கட்சியில சேர்ந்துட்டார்! யுக், இதை அவங்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லு. ஒரு வார்த்தை விடாமச் சொல்லு.”

சாங்பே சொன்னான். வேலிக்கு அப்பால் நாம்குங்கின் முகம் வெளுத்தது. கண்ணீர் விட்டுக் கும்பிட்ட மேடு அது. படம் போட்டு உலகத்துக்குச் சொன்ன மேடு. பொய் சொன்னவன் எதிரே நிற்கிறான் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அவருக்கு வேறொன்று தோன்றியது, அதுதான் வசதியாகவும் இருந்தது.

“சதி!” என்று கத்தினார். “தளபதியை எடுத்து எங்கேயோ ஒளிச்சுட்டு, எவனோ ஒரு சீனக் குடியானவனைக் கொண்டுவந்து போட்டிருக்காங்க! எங்க பாட்டனைக் கேவலப்படுத்த! யுக், சொல்லு அந்த ஆள்கிட்ட. அந்த நாத்தம் பிடிச்ச பொணத்தை எங்க கல்லறையிலேர்ந்து தூக்கி எறியச் சொல்லு!”

“என்ன சொல்றார்?” என்றார் ஜியாங்.

சாங்பே திரும்பிப் பார்த்தான். சோற்றுக்கூடையோடு கும்சில் வந்து வேலியோரம் நின்றிருந்தாள். தோண்டியவர்கள் சாக்கின்மேல் எலும்புகளை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டிருந்தார்கள். இடது கால் எலும்பு முறிந்து கோணலாகக் கூடியிருந்தது.

“யுக்! என்ன சொல்றார்னு கேட்டேன்.”

“அந்த… பொணத்தை…”

“பொணத்தை?”

“தூக்கி எறியச் சொல்றாருங்க. நாத்தம் பிடிச்ச பொணம்னு சொல்றாரு.”

ஜியாங் புருவத்தை உயர்த்தினார். “அட, முதல் தடவையா ஒரு விஷயத்துல அவரும் நானும் ஒத்துப்போறோம். சின்னத்துக்குள்ள எவனோ திருட்டுத்தனமாப் பொதைச்ச பொணம், இங்க இருக்கக் கூடாது. தூக்கித்தான் எறியப் போறோம்னு சொல்லு அவர்கிட்ட.”

சாங்பே அதையும் சொன்னான். இரண்டு நாடும், வருஷக்கணக்காக ஒரு கல்லுக்கும் ஓட்டுக்கும் அடித்துக்கொண்ட இரண்டு நாடும், ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். அதை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது பான்சோக் பெற்ற மகன். நாம்குங் திருப்தியோடு தலையாட்டினார்.

ஜியாங் சுற்றிலும் பார்த்து உரக்கக் கேட்டார்: “இது யார் வீட்டு ஆள்? யாராவது உரிமை கேக்கறதா இருந்தா முன்னால வாங்க. அபராதம் என்ன, தண்டனை என்னன்னு சொல்லிடறேன். உள்ள வச்சது யாருன்னும் தெரிஞ்சுக்க எனக்கு ஆசைதான்.”

கிதோக் பித்தளைப் பொத்தானைத் தடவிக்கொண்டு சாங்பேயையே பார்த்தான். கும்சில் வாயைத் திறந்தாள். “மா…” என்று ஒரு சத்தம் வந்தது. சாங்பே அவளைப் பார்த்த பார்வையில் அது அங்கேயே நின்றது. தலைத்துணியின் நுனியை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“யாரும் இல்லையா? யுக், நீ ஊர்க்காரனாச்சே. உனக்குத் தெரியுமா?”

“தெரியாதுங்க” என்றான் சாங்பே.

எலும்புகளை உரச்சாக்கில் கட்டினார்கள். ஜியாங் கிதோக்கைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார், கிதோக் சல்யூட் அடித்தான். சங்கத்துக்காரர்கள் பஸ் ஏறினார்கள். தோண்டினவர்கள் கும்சில் கடைச் சோற்றை நன்றாகவே சாப்பிட்டார்கள்.

அன்று மாலை கும்சில் ஒரு மூட்டையோடு தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். “அவர் உங்களை ஒரு நாளும் தெரியாதுன்னு சொன்னதில்ல” என்றாள், அவ்வளவுதான்.

மறுநாள் காலை கிதோக் கடைக்கு வந்தான். புது வேனைத்தான் ஓட்டிக்கொண்டு வந்தான். அடுப்பு பற்றவைக்காமல் கடை குளிர்ந்து கிடந்தது. கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தான்.

“அண்ணே, சாக்கு எங்க?” என்றான் சாங்பே. “என்ன கேக்கறியோ குடுக்கறேன். பழைய வேனையும் எடுத்துக்க. கடையையும் எழுதித் தரேன். சாக்கை மட்டும் குடு.”

“சாக்கா? எரிச்சுட்டேனே. அலுவலகத்துக் கொதிகலன்ல போட்டேன். ஆர்டர்டா, நான் என்ன பண்ண? காஞ்ச எலும்பு, சீக்கிரம் பிடிச்சுக்கிச்சு. என் பலகைதான் பாரு, லேசுல வேகல. நல்ல மரம் அது, அன்னிக்கே சொன்னேன்ல.”

“சாம்பல்?”

“நிலக்கரிச் சாம்பலோட கலந்து போச்சு. ரோட்டுப் பள்ளத்துல கொட்டிட்டாங்க. புகை எந்தப் பக்கம் போச்சுன்னு கேக்காத, நான் பாக்கல.”

சாங்பே மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அடிக்கக் கை எழவில்லை. அடித்தால் கிதோக் அலுவலகத்துக்கு நடந்து போக இருநூறடிகூட இல்லை. இந்தக் கையால் மாட்டை விற்று வேன் வாங்கினான், இந்த வாயால் சியோல்காரர்களை அழவைத்தான், ஊரில் அவனைப்போல் எழும்பியவன் யாருமில்லை. அந்தக் கையும் அந்த வாயும் இருந்த இடத்திலேயே இருந்தன.

“பின்ன எதுக்கு வந்த?” என்றான் கடைசியில்.

“கணக்குத் தீர்க்கத்தான்.” கிதோக் நிதானமாகச் சொன்னான். “இத்தனை வருஷம் உன் காசை ஏன் வாங்கல தெரியுமா? மேட்டுக்குள்ள என் பலகை இருந்துச்சு. அது உள்ள இருக்கிற வரைக்கும் நீ என் ஆளு. இப்ப உள்ள ஒண்ணும் இல்ல. உன்கிட்டயும் எனக்கு இனிமே ஒண்ணும் ஆக வேண்டியதில்ல. அறுபது யுவானைக் குடு, போறேன்.”

“வட்டி?”

“சே, நான் என்ன வட்டிக்காரனா? அறுபதுதான். உன் கடையில ஆறு கிண்ணம் நூடுல்ஸ் காசு.”

கிதோக் கையை நீட்டினான். எத்தனையோ திருநாளுக்கு முதல் நாளெல்லாம் நீளாத கை, உள்ளங்கை மேலாக, இழைப்புளிக் காய்ப்போடு மேசைக்கு மேல் வந்து நின்றது. சாங்பே கல்லாப்பெட்டியைத் திறந்தான். பத்து யுவான் நோட்டுகளை எடுத்து, ஈரமான விரலால் ஒவ்வொன்றாகப் பிரித்து, அந்தக் கையில் வைத்தான். பத்து. இருபது. முப்பது. நாற்பது. ஐம்பது. கடைசி நோட்டு கசங்கியிருந்தது. கிதோக் அதை நீவச் சொன்னான். சாங்பே மேசைமேல் வைத்து நீவி, அறுபது என்று சொல்லி வைத்தான்.